ஆறு பேனல், ஆறு இன்வெர்ட்டர்

எங்கள் பொள்ளாச்சி வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல்கள் ஏறிய மறுநாள், பக்கத்து வீட்டுப் பெரியவர் மேலே வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆறு இன்வெர்ட்டர்னு சொல்றீங்க தம்பி, பேட்டரி ஒண்ணைக்கூடக் காணோமே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. மின்வெட்டுக் காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்து மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துகொண்ட பெட்டிக்கே இன்வெர்ட்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில், டிசி எனப்படும் நேர்திசை மின்னோட்டத்தை ஏசி எனப்படும் மாறுதிசை மின்னோட்டமாக்கும் எந்தக் கருவியும் இன்வெர்ட்டர்தான். பேட்டரி அதன் உறுப்பு அன்று. எங்கள் மாடியில் இருப்பவை, பேனலுக்கு ஒன்றாக அதன் முதுகுப்புறத்தில் பொருத்தப்பட்ட, பாடப்புத்தகம் அளவேயான மைக்ரோ இன்வெர்ட்டர்கள்.

பேனல் ஒவ்வொன்றும் 540 வாட். நல்ல வெயிலில் அது தருவது சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் டிசி. வீட்டுக்கு வேண்டியதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி. வழக்கமான ஸ்ட்ரிங் முறையில், பேனல்களைப் பூச்சரம் போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் கோத்து, பத்துப் பேனல் என்றால் 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட டிசியாகக் கீழே இறக்கி, சுவரில் மாட்டிய ஒற்றை இன்வெர்ட்டருக்குக் கொடுப்பார்கள். தொடர் இணைப்பில் எல்லாப் பேனல்களின் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓட முடியும் என்பதால், நிழலில் அகப்பட்ட பேனல் மற்றவற்றுக்கும் தடையாகிறது.

இதை வைத்துத்தான், ஒரு பேனலில் நிழல் விழுந்தால் மொத்தச் சரமும் படுத்துவிடும் என்று விற்க வருபவர்கள் பயமுறுத்துகிறார்கள். அது பாதி உண்மை. பேனலின் செல்கள் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு தொகுதிக்கு ஒன்றாகப் பக்கவழியாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு தொகுதி நிழலில் சிக்கினால் மின்னோட்டம் அந்த டையோடு வழியாக அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்; இழப்பது அந்த மூன்றில் ஒரு பங்கு. விற்பவர்கள் சொல்லாத மறுபாதி இன்னும் முக்கியமானது. சூரிய செல்லில் இருந்து எவ்வளவு திறன் கிடைக்கும் என்பது அதை எந்த மின்னழுத்தத்தில் இயக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. பழைய ரேடியோவில் நிலையத்தைப் பிடிக்க முள்ளை இம்மி அளவு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்ததைப் போலவே, இன்வெர்ட்டரும் மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றி இறக்கி, திறன் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துப் பார்த்து உச்சத்தைப் பிடிக்கிறது. நிழலில்லாத சரத்துக்கு உச்சம் ஒன்றே. நிழல் ஆங்காங்கே விழுந்து டையோடுகள் திறந்துகொண்டால், ஒன்றுக்குப் பதில் பல உச்சங்கள் தோன்றிவிடும். இன்வெர்ட்டர் உயரம் குறைந்த ஒன்றையே பெரிதென்று நம்பி அங்கேயே நின்றுவிடவும் கூடும். நிழல் அசைந்துகொண்டே இருந்தால் இந்தத் தேடலும் ஓயாது.

எங்கள் வீட்டுக்கு மேற்கே இரண்டு தென்னைகள். தெற்கே மாடிப்படி அறையும் அதன்மேல் தண்ணீர்த் தொட்டியும். மதியத்துக்குப் பின் எந்தப் பேனலிலாவது ஓலை நிழல் ஆடாத நேரமே இல்லை. ஆறு பேனலுக்கு ஆறு தனித்தனித் தேடல் என்ற ஏற்பாட்டுக்கு நான் கூடுதல் பணம் கொடுத்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். திறந்த மாடி, ஒரே திசை, நிழலே இல்லை என்றால் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டரே போதும் என்பது என் கருத்து.

இனி அந்தப் பெட்டிக்குள் நடப்பது. பரவலாகப் பயன்படும் ஓர் அமைப்பில், 41 வோல்ட் டிசியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை துண்டு துண்டாக வெட்டி, ஒரு சிறிய ஃபெரைட் மின்மாற்றியின் வழியே செலுத்துகிறார்கள். வேகமாக வெட்டுவதால்தான் மின்மாற்றி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. 50 ஹெர்ட்ஸிலேயே இதைச் செய்ய முற்பட்டால் ஸ்டெபிலைசருக்குள் இருப்பது போன்ற இரும்புக் கட்டி தேவைப்படும். ஒவ்வொரு துண்டின் அகலத்தையும் கூட்டிக் குறைத்து, 325 வோல்ட் உச்சம் கொண்ட அரை அலை வடிவ மேடுகளை நொடிக்கு 100 வீதம் உருவாக்கி, கடைசியில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் 50 ஹெர்ட்ஸ் ஏசி கிடைத்துவிடுகிறது. இவை அனைத்தும் மின்வாரிய லைனின் அலையோடு இம்மியும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்பதால், கருவி லைனைக் கவனித்துக்கொண்டே இயங்குகிறது.

இதில் எனக்கு மிகவும் சுவையாகப்பட்ட சிக்கல் ஒன்று உண்டு. பேனல் சீராகத் திறன் தருகிறது. ஏசியின் திறனோ நொடிக்கு 100 முறை சுழியத்தைத் தொட்டு எழுகிறது. அந்தச் சுழிய நேரங்களில் பேனல் தருவதை வாங்கி வைத்து, அலை உயரும்போது திருப்பித் தர ஒரு மின்தேக்கி வேண்டும். கொள்ளளவு பெரிதாகவும் விலை குறைவாகவும் கிடைப்பது எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி. அதுவோ சூட்டுக்கு ஆகாதது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் கையாளும் கணக்கு. கருவியை வைத்திருப்பதோ வீட்டிலேயே மிகச் சூடான இடமாகிய பேனலின் அடிப்பகுதியில். மார்ட்டின் ஃபோர்னேஜ், ரகு பேலூர் ஆகிய இருவரும் 2006 இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய என்ஃபேஸ் நிறுவனம் 2008 இல் தன் முதல் மைக்ரோ இன்வெர்ட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, மொட்டை வெயிலில் மின்னணுக் கருவி எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியே பெரிதாக எழுந்ததில் வியப்பில்லை.

அதே சூடு வேறோர் இடத்தில் கணக்கை எளிதாக்குகிறது. 540 வாட் பேனலுக்கு ஏன் 480 வாட் வரை மட்டுமே தரக்கூடிய இன்வெர்ட்டர், மிச்சம் வீணாகாதா என்று நானும் கேட்டேன். பேனலின் 540 வாட் என்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்த மதிப்பு. சித்திரை வெயிலில் செல் 65 டிகிரியை எளிதில் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் போய் 464 வாட்தான் மிஞ்சும். மழை விட்டதும் பளிச்சென்று வெயில் அடிக்கும் சில குளிர்ந்த நிமிடங்களில் மட்டுமே 480 என்ற கூரை தட்டுப்படுகிறது.

இன்வெர்ட்டர்களின் வெளிப்பக்கம் தொடராக அல்லாமல் இணையாக இணைக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் சொச்சம் சேர்க்க, ஆறும் சேர்ந்து சுமார் 12.5 ஆம்பியர் ஒரே ஏசி கேபிளில் இறங்குகிறது. மாடியில் உயர் மின்னழுத்த டிசி எங்குமே இல்லை. பேனலுக்கும் அதன் இன்வெர்ட்டருக்கும் இடையிலான ஒரு முழக் கம்பியில் மட்டும், அதிகபட்சமாக 50 வோல்ட் அளவில் உண்டு. டிசியில் தளர்ந்த இணைப்பில் தீப்பொறி பிடித்தால், ஏசியைப் போல இடையிடையே சுழியத்தைத் தொடாததால், அது தானாக அணைவது அரிது. நிழலே இல்லாத வீட்டிலும் நான் மைக்ரோ இன்வெர்ட்டரைப் பரிந்துரைப்பதாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காக இருக்கும்.

பெரியவருக்கு நான் விளக்கச் சிரமப்பட்டது மின்வெட்டு பற்றியது. லைனில் மின்சாரம் நின்றால் இவையும் இரண்டு நொடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால், லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் எங்கள் மாடி அனுப்பும் மின்சாரத்தில் கை வைக்க நேரும். 2021 இல் என்ஃபேஸ் அறிவித்த ஐக்யூ8 என்ற மைக்ரோ இன்வெர்ட்டர் வரிசை, வீட்டை லைனிலிருந்து முழுவதும் பிரித்துவிடும் தனிக்கருவி இருந்தால், பகலில் பேட்டரி இல்லாமலும் இயங்கவல்லது. எங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை. நண்பகலில் மின்சாரம் போனாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பழைய பெட்டிதான் மின்விசிறியைச் சுற்றுகிறது.

ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் கணக்கை அதே ஏசி கம்பியின் வழியாகவே கீழே அனுப்புவதால், கைபேசியில் பேனல்வாரியாகப் பார்க்க முடிகிறது. ஆடிக் காற்றில் ஒருநாள், மூன்றாம் பேனல் மட்டும் காலையிலிருந்து மற்றவற்றைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தால், ஓரத்தில் ஒரு பன்னாடை விழுந்து ஒட்டிக் கிடந்தது. டையோடு தன் வேலையைச் செய்திருக்கிறது. மற்ற ஐந்தும் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

குறை என்று நான் சொல்வது ஒன்று உண்டு. சுவரில் இருக்கும் இன்வெர்ட்டர் பழுதானால் நின்றபடியே கழற்றி மாற்றலாம். இது பழுதானால் பேனலைக் கழற்றியாக வேண்டும். அதனால், பொருத்தும்போதே கீழே புகுந்து உட்காரும் அளவுக்குத் தாங்கியை உயர்த்திப் போடச் சொன்னேன். எந்தப் பேனலின் கீழ் எந்த வரிசை எண் கொண்ட கருவி இருக்கிறது என்பதற்குக் கருவியோடு வந்த ஒட்டுத்தாள்களை வைத்து ஒரு படம் வரைந்து, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.