ஆறு என்று நினைத்து வாங்கிய ஆறு

போன மாதம் நானே போட்ட புது ஸ்பார்க் பிளக் நாலையும் இந்த ஞாயிற்றுக்கிழமை நானே கழற்றினேன். நாலின் மூக்கிலும் உலர்ந்த கரி, தொட்டால் கண்மை மாதிரி விரலில் ஒட்டுகிறது.

வண்டி மச்சானுடையது. நாலு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப், இன்ஜின் சீட்டுக்கு அடியில். விடியற்காலையில் அண்ணா நகரிலிருந்து கோயம்பேடு மார்க்கெட், காய்கறி ஏற்றிக்கொண்டு திரும்பக் கடை, அவ்வளவுதான் அதன் ஓட்டம். பிளக் மாற்றியதிலிருந்து காலையில் செல்ஃப் எடுக்க அடம், எடுத்தாலும் மிஸ்ஸிங், இன்ஜின் விட்டு விட்டுத் திணறும். "என்ன மாமா, பிக்கப் வண்டிக்குப் பிக்கப்பே இல்ல" என்று தினமும் குத்திக் காட்டுவான்.

கோளாறு நான் வாங்கியதில்தான். பழையது என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்6இ. அன்றைக்குக் கடையில் அது இல்லை, பாஷ் கம்பெனிப் பிளக் இருந்தது. "ஆறாம் நம்பர்தானே சார், இதுவும் ஆறுதான்" என்று எஃப்ஆர்6டிசி எடுத்து வைத்தார்கள். மரை அதே 14 மி.மீ., நீளம் அதே 19, ஸ்பானரும் அதே 16. நானும் தலையாட்டி வாங்கி வந்துவிட்டேன்.

அந்த எண் சொல்வது பிளக் மூக்கில் எவ்வளவு சூடு தங்கும் என்பதை. என்ஜிகேயில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி, பாஷில் எண் ஏறினால் சூடு. என்ஜிகே 6-க்கு நேர் பாஷ் 7. ஆக நான் போட்ட பாஷ் 6 ஒரு படி குளிர்ச்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குளிர்ச்சியானதில் உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு குட்டை, சூடு சட்டென்று இன்ஜின் ஹெட்டுக்கு இறங்கிவிடும். மூக்கு 450 டிகிரியாவது தொட்டால்தான் கரி தானாக எரிந்து போகும். கோயம்பேடு போய் வரும் தூரத்தில் அது எங்கே தொட? சரக்கோடு திருச்சி வரை மிதித்துப் போகிற வண்டி என்றால் இதே பிளக் பேசாமல் ஓடியிருக்கலாம்.

முந்தின நாள் சனிக்கிழமையே உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய் பிகேஆர்6இ நாலு வாங்கி வைத்திருந்தேன். இரிடியம் பிளக் போட்டுவிடலாமா என்று கை அரித்தது. உழைப்பு அதிகம் என்பது சரி, ஆனால் அதன் நடுக்கம்பி 0.6 மி.மீ.தான், இடைவெளி அளக்கும் தகட்டை விட்டு நெம்பினால் போச்சு. அடுத்த முறை பார்ப்போம்.

நடுக்கம்பிக்கும் பக்கக் கொம்புக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளிதான் கேப். பெட்டியிலிருந்து வருகிற கேப் சரியாகத்தான் இருக்கும் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். மூன்றில் 0.8 மி.மீ. தகடு சரியாக லேசாக உரசிக்கொண்டு போனது. நாலாவதில் 0.7-ஏ மாட்டியது, எங்கேயோ கீழே விழுந்த பிளக். வளைக்க வேண்டியது பக்கக் கொம்பை மட்டும். நடுக்கம்பியில் ஊன்றி நெம்பினால் உள்ளே பீங்கான் கீறிவிடும், வெளியே தெரியாது. முதலில் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டேன். அப்புறம் மரப்பலகையில் தட்டித் தட்டி மூடினேன். ஒரு பிளக்குக்கு இருபது நிமிடம் என்றால் வீட்டில் சிரிப்பார்கள், சிரித்தார்கள்.

பிளக் உட்காரும் குழி ஆழம் என்பதால் பழைய பெட்ரோல் ஹோஸ் துண்டில் பிளக்கின் பின்பக்கத்தைச் சொருகி, அதைத் திருகித்தான் இறக்கினேன். மரை தப்பாக ஏறினால் ஹோஸே வழுக்கும், அலுமினிய ஹெட் பிழைக்கும். வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பானரால் அரைச் சுற்று. மரைக்கு கிரீஸ் தடவவில்லை. தடவினால் அதே கை பலத்துக்கு அளவுக்கு மீறி இறுகிவிடும்.

திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு மச்சான் போன். ஒன்றும் பேசாமல் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தான். ஒரே சீராக இருந்தது. அடுத்த கேள்வி உடனே வந்துவிட்டது: "சிஎன்ஜி கிட் போடலாமா மாமா?" போட்டால் கேப்பை இன்னும் குறைக்க வேண்டும், கேஸுக்குப் பொறி தாண்ட வோல்டேஜ் அதிகம் கேட்கும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. மூன்றாவது குழியில் எண்ணெய் நின்றிருந்தது. துணி சுற்றிய குச்சியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் பிளக் இறக்கினேன், ஆனால் இன்ஜின் மேல்மூடியான டாப்பெட் கவரின் ரப்பர் சீல் போயிருக்கிறது. பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் கவரே கிடைக்கும். ரப்பரைப் பழசாக வாங்க எனக்கு மனசில்லை, புதுசுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.