இருபது பைட்

கிளை அலுவலகங்களில் மொத்தம் 14 லினக்ஸ் சர்வர்கள். இரவு 2 மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக ஒவ்வொன்றிலும் நுழைந்து, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை டம்ப் எடுத்து, அதாவது மொத்தமாக ஒரு நகலெடுத்து, ஜிஸிப்பில் சுருக்கி வைத்துவிட்டு வரும். காலையில் எனக்கு 14 ‘ஓகே’ வரும். நானும் டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஒருநாள் பழைய பில் ஒன்றைத் தேடி ஒரு கிளையின் பேக்கப்பைத் திறந்தேன். கோப்பின் அளவு 20 பைட். முந்தின நாளும் 20. அதற்கு முந்தின நாளும். ஒன்றுமே இல்லாததை ஜிஸிப் சுருக்கினால் 20 பைட் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 11 நாளாக இதே கதை.

அந்தக் கிளையில் யாரோ தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார்கள். டம்ப் வாசலிலேயே திரும்பிவிட்டது. ஆனால் ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பில், கடைசியாக நிற்கும் கட்டளையின் எக்ஸிட் கோடைத்தான் (முடிவைச் சொல்லும் எண், 0 என்றால் வெற்றி) ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பாஷ் கணக்கில் எடுக்கும். கடைசியில் நின்ற ஜிஸிப், வெறுங்காற்றைச் சமர்த்தாகச் சுருக்கி 0 கொடுத்தது. எஸ்எஸ்ஹெச் அந்த 0-ஐ அப்படியே கொண்டுவந்து தந்தது. இணைப்பு அறுந்திருந்தாலாவது எஸ்எஸ்ஹெச்சின் பிழை எண் 255 வந்து மாட்டியிருக்கும்.

சரி, டம்ப் கத்தியிருக்குமே? கத்தியது. கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே கொடுப்பது பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை தினமும் மெயிலை நிரப்புகிறதென்று, பிழைச்செய்திகள் மொத்தத்தையும் டெவ்நல்லுக்கு, போட்டதெல்லாம் மறைந்துபோகும் லினக்ஸின் குப்பைக்குழிக்கு, தள்ளிவிட்டவன் நான்தான்.

மேலாளருக்கு மெயில் எழுதினேன்: “ஒரு கிளையில் பேக்கப் சரியாக எடுக்கப்படவில்லை.” சீனியர் அண்ணன் எட்டிப் பார்த்தார். “எந்தக் கிளை, எந்த நாள்லேர்ந்து, யாரால? இது மூணும் இல்லாம எதுக்குடா மெயிலு?” செயப்பாட்டு வினையில் ஆள் ஒளிந்துகொள்ள நல்ல இடம் உண்டு. கிளையின் பெயர் உடனே வந்தது. தேதியில் கொஞ்சம் தடுமாற்றம். சர்வர் கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியதால் நம் இரவு 2 மணி அங்கே முந்தின நாள் 20:30. மூன்றாவதை எழுதத்தான் அரைமணி நேரம் ஆனது.

பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே சொல்லவைக்கும் பைப்ஃபெயிலை ஸ்கிரிப்ட்டில் சேர்த்தேன், டெவ்நல்லை எடுத்தேன். மறுநாள் காலை 12 ஓகே. கடவுச்சொல் கிளை நன்றாக இருந்தது. இவை வேறு இரண்டு. ஒன்றில், எப்போதோ அழித்துவிட்ட டேபிளை நம்பியிருந்த ஒரு வியூவில் (டேபிள்போலத் தெரியும் சேமித்த வினவலில்) இடித்து டம்ப் பாதியிலேயே நின்றிருந்தது. பல எம்பி கோப்பு, அளவைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஒழுங்காக முடிந்த டம்பின் கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று இருக்கும். இதில் இல்லை. பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே போனேன். அப்புறம் அடுத்த மெயிலைத் தொடங்கினேன், இந்த முறை கிளையின் பெயரிலிருந்து.