ஒரே பெயரில் இரண்டு கணினிகள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய ஒரு மெய்நிகர் கணினியை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அப்படியே நகலெடுத்து இன்னொன்றை உருவாக்கினேன். பழையது அன்றாட வேலைக்கு, நகல் சோதனைக்கு. நகல் என்பதால் பெயரும் ஒன்றேதான். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் இரண்டு சாளரங்களிலும் ஒரே பெயர் தெரிய, சோதனைக் கணினி என்று நினைத்து, தரவுத்தளத்தை நிறுத்தும் கட்டளையை வேலைக் கணினியில் தட்டிவிட்டேன். என்டர் விசையை அழுத்தும் முன் ஏனோ சந்தேகம் வந்து ஐபி முகவரியைப் பார்த்தேன், தப்பித்தேன். அப்போதே நகலின் பெயரை மாற்ற உட்கார்ந்தேன்.

முதலில் ‘ஹோஸ்ட்நேம்’ கட்டளையுடன் புதுப் பெயரைக் கொடுத்தேன். மாறியது. மறுதொடக்கம் செய்தால் பழைய பெயரே வந்து நிற்கிறது! அந்தக் கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மட்டுமே பெயரைச் சொல்கிறது. வட்டில் எதையும் எழுதுவதில்லை. நிலையான பெயர் ‘இடிசி’ கோப்புறையில் ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கோப்பில் இருக்கிறது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’ என்று எழுதிப் புதுப் பெயரைச் சேர்த்தால், கெர்னலிலும் கோப்பிலும் ஒருசேர மாறிவிடும். அப்படியே செய்தேன். திறந்திருந்த சாளரத்தில் பழைய பெயரே தெரிந்தது; வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் சரியானது.

ஆனால் அடுத்து, நிர்வாகி உரிமையில் கட்டளையை இயக்கும் ‘சூடோ’ போட்ட ஒவ்வொரு முறையும் கர்சர் சில நொடிகள் அசையாமல் நின்றது. பிறகு, இந்தப் பெயருக்குரிய முகவரியை அறிய முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை. என்னை அதிக நேரம் அலைக்கழித்தது இதுதான். காரணம், அதே ‘இடிசி’ கோப்புறையில் உள்ள, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று குறித்துவைக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பு. டெபியன் நிறுவப்படும்போதே அதில் 127.0.1.1 என்ற முகவரிக்கு எதிரே கணினியின் பெயரை எழுதிவைக்கிறது. ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல்’ அந்த வரியைத் தொடுவதில்லை. புதுப் பெயர் அங்கே இல்லாததால் கணினி வெளியே, பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சேவையகத்திடம் கேட்டுக் காத்திருந்திருக்கிறது. நானோ பிணையத்தில்தான் பழுது என்று வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரியைத் திருத்திச் சேமித்ததும் ‘சூடோ’ சட்டென்று பதில் சொன்னது.

இதைச் செய்ய இருப்பவர்கள் முதலில் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பின் அந்த வரியில் பழைய பெயரோடு புதுப் பெயரையும் சேர்த்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். அந்தக் காத்திருப்பே வராது. பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இடையில் ஹைஃபன் ஆகியவை போதும், அடிக்கோடு வேண்டாம். மேகக் கணினியில் மறுதொடக்கத்துக்குப் பின் பழைய பெயர் திரும்பினால், மேகக் கணினி தொடங்கும்போது அதன் அமைப்புகளைச் செய்யும் கிளவுட்-இனிட் மென்பொருளின் அமைப்பில் ‘பிரிசர்வ்_ஹோஸ்ட்நேம்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கிப் பாருங்கள்.

மறுபடி ஒருமுறை மறுதொடக்கம் செய்து, புதுப் பெயர் நிலைத்திருப்பதைப் பார்த்த பிறகுதான் தரவுத்தளத்தை நிறுத்தினேன், இந்த முறை சோதனைக் கணினியில்.