எதை வெட்டாமல் விடுவது

வனக்காப்பாளராகச் சேர்ந்த முதல் கோடையில் என் கையில் வந்தவை ஒரு சுத்தியலும் தார் டப்பாவும். மலையடிவாரத்தில், சரணாலய எல்லைக்கு வெளியே ஒரு தேக்குத் தோட்டம். எந்த மரம் போக வேண்டும் என்று அடையாளம் போடுவது வேலை.

தேக்கை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நட்டால் எக்டேருக்கு 2,500 கன்று. அத்தனையும் கடைசிவரை நிற்பதற்காக நடுவதில்லை. நெருக்கத்தில் வெளிச்சம் தேடி நேராக ஏறும், பக்கக் கிளை குறையும். நாலைந்து வருஷத்தில் ஒரு தடவை, பத்து வருஷ வாக்கில் மறு தடவை, பிறகு இடைவெளி விட்டு எடுத்துக்கொண்டே வர வேண்டும். துறையில் ‘தின்னிங்’ என்போம். பருத்திக் காட்டில் செடி கலைத்துவிட்டுப் பழகிய எங்கள் ஊர்க்காரர்கள் மரத்துக்கும் ‘கலைச்சு விடுதது’ என்றே சொன்னார்கள்.

நான் தடித்த மரங்களையும் ஒல்லி மரங்களையும் தூரில் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். கூட வந்த வாச்சர் அண்ணாச்சி நிறுத்தினார். “அடியப் பாக்காதீங்க சார், தலையப் பாருங்க. ஒண்ணோட தலை இன்னொண்ணுல இடிக்கா? இடிச்சா அதுல எது தோக்குன்னு பாருங்க.” அன்றைக்கு அண்ணாந்து பார்க்கத் தொடங்கினேன். கழுத்து வலித்தது. தோற்றுக்கொண்டிருந்த மரங்கள் தெரிந்தன.

அந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டோம். வெயில் தரைக்கு வந்ததும் புல் வரும் என்று நினைத்தேன். இரண்டு மழை கழிந்து போய்ப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்கு உண்ணிச்செடி, லாண்டானா என்கிற முள்களை. நிழல் இருந்தவரை அடங்கிக் கிடந்தது, வெளிச்சம் கிடைத்ததும் கிளம்பிவிட்டது. அடையாளம் போட்ட கை என்னுடையது. அதை இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு மாற்றலாகிச் சரணாலயத்துக்குள் வந்தேன். அங்கே வேறு நியாயம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 29ஆம் பிரிவு: காட்டுயிருக்கு நன்மை என்று ஏற்று அனுமதி கொடுத்தாலொழிய அங்கிருந்து எதையும் எடுக்க முடியாது, எடுத்ததை வியாபாரமாக்கவும் கூடாது. 2000 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கோதவர்மன் என்பவர் தொடுத்த காட்டு வழக்கில், சரணாலயங்களிலிருந்து பட்ட மரம், காற்றில் சாய்ந்த மரம், புல் வரைக்கும் அப்புறப்படுத்தத் தடை விதித்தது. வீணாக மக்கிப்போகிறதே என்று சொன்னவர்கள் உண்டு. நான் அந்தத் தடையின் பக்கம்தான். பட்ட மருது ஒன்றில் மரங்கொத்தி துளைத்த பொந்தில் அடுத்த வருஷம் மைனா, அதற்கடுத்து ஆந்தை என்று குடி மாறி மாறி வந்ததை நானே பார்த்திருக்கிறேன். தவிர, பட்ட மரத்தில் தொடங்குகிற கோடாலி பச்சை மரத்தில் போய்த்தான் நிற்கும்.

இருந்தாலும், சரணாலயம் என்று அறிவிக்கும் முன்பே மனிதன் நட்ட தேக்கு வரிசைகள் காட்டுக்குள்ளும் இருக்கின்றன. கலைக்கவும் ஆளில்லாமல், காடாகவும் மாறாமல், ஒரே வயதில் நெரிந்து நிற்கிற மரங்கள். கோடையில் முறம் முறமாக இலை உதிர்ந்து சருகு மெத்தை விரியும், ஒரு பொறி போதும். தீ போன இடத்தில் முதலில் தழைப்பதும் உண்ணிதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து “எவ்வளவு அடர்த்தி!” என்பார்கள். உள்ளே ஒரு மிளா மான் நுழைய வழியிருக்காது.

மேலே ஏறினால் கதை மாறும். களக்காடு முண்டந்துறை 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அதன் மேல்பகுதியில் கக்காச்சிப் பக்கம் நிற்கிற மழைக்காட்டில் நடுப்பகலிலும் அந்தி மாதிரி இருக்கும். அதுவும் அடர்த்திதான். ஆனால் அது தானே வளர்ந்து, தானே கழித்து, தானே நிரப்பிக்கொள்கிற அடர்த்தி. மரம் சாய்ந்த இடைவெளியில் எந்தக் கன்று எழ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். தாமிரபரணிக்கும் மணிமுத்தாற்றுக்கும் பச்சையாற்றுக்கும் தண்ணீர் கசிந்து வருவது இந்த மலைக்காட்டிலிருந்து. அங்கே கலைக்கிறேன் என்று அருவாளோடு யார் போனாலும் தடுக்க வேண்டும். நெருக்கம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அளப்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

எங்களுக்கு இருந்த வேலை கீழே, உண்ணியோடு. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து பூச்செடியாக வந்தது. முதல் தடவை முழங்கால் உயரத்தில் வெட்டிப் போட்டோம். ஒரு குச்சிக்குப் பத்துக் குச்சியாகத் துளிர்த்தது. பிறகுதான் முறையைக் கற்றோம்: மண்ணுக்குக் கீழே நாலு விரல்கடை தோண்டி, துளிர் கிளம்புகிற கழுத்துக்கும் அடியில் ஆணிவேரை அறுக்க வேண்டும். பிடுங்கிய புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயப்போட வேண்டும், வேர் மண்ணைத் தொடக்கூடாது. சாரல் பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, காய் பழுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். பழுத்தால் கொண்டைக்குருவி தின்று எச்சமிட்டுப் பரப்பிவிடும். அதனால்தான் தனி மரத்தடிகளில் முளைகள் கூட்டமாக இருக்கும். அங்கே மறுபடி மறுபடி போய் நாற்று பிடுங்க வேண்டும், ஒரு வருஷம் விட்டால் எல்லாம் பழையபடிதான்.

வேலைக்கு வந்த, இந்த மலையின் பழங்குடியான காணிக்காரப் பெரியவர் ஒருவர் எங்களைவிட மெதுவாகப் போவார். புதருக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவிப் பார்ப்பார். முள் கிழித்த கையோடு ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். உண்ணிக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு வேங்கை மரக்கன்று, இரண்டடி உயரம். “இத வெட்டிட்டு அத வெட்டி என்ன பிரயோசனம் சார்?” என்றார். அன்று மாலைவரை அந்தத் துண்டில் அருவாளை ஓங்கவில்லை, கையால்தான் எடுத்தோம். பதினோரு கன்றுகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றினோம்.

மூன்றாம் வருஷம் அந்தச் சரிவில் புல் வந்திருந்தது. நனைந்த மண்ணில் மிளாவின் குளம்புத் தடம், பெரிதும் சிறிதுமாக இரண்டு. வேங்கைக் கன்றுகளில் நாலைத் தின்றுவிட்டிருந்தது. ஏழு நின்றன.