பாக்கெட் உணவு: என் பன்னிரண்டு வாரங்கள்

ஜனவரி 5
இன்று ஆரம்பித்தாயிற்று. ஒரு நாளைக்கு நான்கு பாக்கெட் சத்துப் பவுடர், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். வேறு சாப்பாடு கிடையாது. மொத்தம் 800 கலோரிக்குச் சற்று மேல். எடை 112 கிலோ, பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 38.
டாக்டர் முதலில் கேட்டது என் மருந்துச் சீட்டைத்தான். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் இன்றே நிறுத்தச் சொன்னார். சாப்பாடு இவ்வளவு குறையும்போது பழைய மருந்தையே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடுமாம், எழுந்து நின்றால் மயக்கம் வருமாம். யாரையும் கேட்காமல் பவுடர் வாங்கித் தொடங்குபவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஜனவரி 8
தலைவலி, குளிர். அடுப்படி வாசனை வந்தால் வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

ஜனவரி 12
2.8 கிலோ குறைந்திருக்கிறது! ஆனால் அதில் நிறையத் தண்ணீர்தான் என்றார் டயட்டீஷியன். உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் கரையும்போது அது பிடித்து வைத்திருந்த நீரும் சேர்ந்து போகிறதாம். அடுத்த வாரங்களில் இவ்வளவு குறையாது, மனம் தளர வேண்டாம் என்றும் சொன்னார்.

பிப்ரவரி 3
மலச்சிக்கலுக்கு நார்ச்சத்துப் பவுடர், இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர். நேற்று இரவு வலப்பக்க மேல்வயிற்றில் வலி. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். எடை வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் சேரலாம். நல்லவேளை, எனக்கு இல்லை.

பிப்ரவரி 21
பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வைப் படித்தேன். டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இதே மாதிரி உணவு. ஒரு வருடம் கழித்து நூற்றுக்கு 46 பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது. இரண்டாம் வருடம் அது 36. நடுவில் நழுவிய அந்தப் பத்துப் பேரைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பு இரண்டு முறை எடை குறைத்து, இரண்டு முறையும் திரும்ப ஏறியவன் நான்.

மார்ச் 30
97 கிலோ. இன்று ஒரு பாக்கெட்டுக்குப் பதில் ஒரு வேளை சாப்பாடு. மெல்லுவதே புதிதாக இருந்தது. எவ்வளவு எடுத்துப் போடுவது என்று தெரியாமல் தட்டின் முன்னால் நின்றேன். பாக்கெட்டில் அந்தக் கேள்வியே இல்லை. இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளையும் அந்தக் கேள்வி இருக்கும்.

ஜூன் 14
2 கிலோ ஏறிவிட்டது. முன்பெல்லாம் இப்படி ஏறினால் எடைமெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். இன்று காலையிலேயே டயட்டீஷியனுக்குப் போன் செய்தேன். சரி, நாளை முதல் இரண்டு வாரம் மறுபடி பாக்கெட்.