ஓலையில் புள்ளி இல்லை

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸும் (இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினி கொண்டு ஆராயும் துறை) தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த முதுகலையில் சேர்ந்தபோது, "தமிழ் படிச்ச பிள்ளைக்குக் கோடிங் எதுக்கும்மா?" என்று சித்தப்பா கேட்டார். இந்தப் பருவத்தில் செய்த வேலையைச் சொல்கிறேன். அதுதான் பதில்.

சுவடிப் படங்களைப் படித்து எக்ஸ்.எம்.எல். கோப்பாக்க வேண்டும்; அதாவது, உரையின் பகுதிகளுக்குக் கணினி படிக்கும் குறிகள் இட்ட கோப்பு. பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவம். துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். அப்படியென்றால் கண்ணில் படுவது ‘கொடு’ என்பதா, ‘கோடு’ என்பதா? யாப்பைத்தான் கேட்க வேண்டும். கொடு நிரையசை, கோடு நேர்நேர். தளை (சீர்கள் இணையும் விதி) எதற்கு இடம் கொடுக்கிறது என்று பார்த்தால் பாடம், அதாவது சுவடியில் உள்ள சரியான சொல், பிடிபடும். பொறியியல் முடித்துவிட்டு வந்த தோழி இந்த இடத்தில் என் பக்கம் திரும்பினாள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

1987-இல் தொடங்கிய டி.இ.ஐ. (Text Encoding Initiative) என்பது நூல்களைக் கணினிக்காகக் குறியிடும் முறை. அதில், ஓலையில் உள்ளதை ஒரு டேகிலும் (குறிச்சொல்லிலும்) நாம் திருத்திப் படித்ததை இன்னொரு டேகிலும் வைக்கலாம். அந்த முடிவை எடுத்தவர் யார் என்றும் பதியலாம். வேறு சுவடியின் பாடத்துக்கும் இடம் உண்டு. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா. அடிக்குறிப்பில் பிரதிபேதம் (சுவடிக்குச் சுவடி மாறும் பாடம்) கொடுத்தாரே, அதே நேர்மை. நம் பதிப்பு மரபு தெரிந்தவர்களுக்கு டி.இ.ஐ. அந்நியமே இல்லை.

தொழில்நுட்பத் தாளில் என்னை உலுக்கியது ஒருங்குறி, அதாவது எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோட். ‘தமிழ்’ என்பதன் நீளத்தைப் பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கேட்டால் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒன்றாகப் போடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் போடலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் தேடினால், கோப்பில் இருக்கிற சொல்லையே இல்லை என்று சொல்லிவிடும். எவ்வளவு பெரிய இழப்பு!

அடுத்த பருவம் சொல்லடைவு, அதாவது ஒரு நூலின் சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்ற பட்டியல். இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் லத்தீன் நூல்களுக்குக் கணினியில் சொல்லடைவு செய்ய, இத்தாலியப் பாதிரியார் ராபர்ட்டோ பூசா 1949-இல் ஐ.பி.எம். தலைவரைப் போய்ப் பார்த்தார். 56 தொகுதிகளாக அது அச்சேறி முடிய ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. நாங்கள் எடுத்திருப்பது ஒரே ஒரு சிற்றிலக்கியம். அதிலும் சந்தி பிரித்து, வந்தான், வருவாள், வாராய் எல்லாவற்றையும் ‘வா’வின் கீழ் சேர்க்க வேண்டும். நன்னூலில் பிடிப்புள்ள தமிழ்த்துறைத் தம்பி தங்கைகள் யாராவது இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க யோசித்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். பைத்தானை நான் சொல்லித் தருகிறேன்.