பிளேஸ் என்றால் எந்த இடம்?

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. விளையாட்டு விழா, சுற்றுலா, மதிய உணவு வரிசை எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். எனக்கு மிஞ்சியிருப்பது ஓர் ஆங்கிலச் சொல்தான். பிளேஸ்.

1986, ஒன்பதாம் வகுப்பு. நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்து ஜூன் மழையில் நனைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தகரக் கூரையில் அது இறங்கிவிட்டால் ஆசிரியரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் அந்த நேரத்தில் எங்களைச் சத்தமில்லாமல் படிக்கச் சொல்லிவிடுவார்கள் (சத்தம் போட்டுப் படித்தாலும் யார் காதில் விழப்போகிறது?). ஆங்கில சார் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பிப்பார். கரும்பலகையின் நடுவில் ஒரு சொல், சுற்றிலும் அதன் உறவுக்காரர்கள். ஈரத்தில் ஊறிய சாக்பீஸ் பாதி எழுத்தைத்தான் போடும். அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதுவார். அவரது சட்டைக்கை முழங்கை வரை வெள்ளையாகிவிடும்.

அன்று நடுவில் இருந்தது பிளேஸ். சுற்றிலும் பொசிஷன், போஸ்ட், ஸ்டேஷன், ஸ்பாட், சீட், ரேங்க். மழை சற்று ஓய்ந்ததும் எங்கள் பக்கம் திரும்பி, "இவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. ஒரே லயத்தில் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான்" என்றார். வகுப்பில் பாதிப் பேர் எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வந்தவர்கள். வேறு எந்த உவமையும் எங்களுக்கு அத்தனை சுலபமாகப் புரிந்திருக்காது.

பிளேஸ் கிரேக்கத்தில் அகலமான தெருவைக் குறித்த சொல்லாம். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. இத்தாலியரின் பியாஸாவும் ஸ்பானியரின் பிளாஸாவும் அதன் கூடப் பிறந்தவை. பொசிஷனுக்கு வேர் 'வை' என்ற பொருள்தரும் லத்தீன் வினை. பதவியைக் குறிக்கும் போஸ்டும் தபாலைக் குறிக்கும் போஸ்டும் அதே வேரில் கிளைத்தவை. ஓலை கொண்டு போகும் ஆட்களையும் குதிரைகளையும் வழிநெடுக அங்கங்கே நிறுத்தி வைத்ததால் தபாலுக்கு அந்தப் பெயர். தெருவிளக்கு நிற்கும் போஸ்டு மட்டும் வேறு குடும்பம். ஸ்டேஷன் 'நில்' என்ற வினையிலிருந்து வந்தது. நாம் நிலையம் என்று வைத்தது பொருத்தம்தான். ஊட்டியை ஹில் ஸ்டேஷன் என்பது ரயிலால் என்று நான் நினைத்திருந்தேன். ரயில் குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும்தான் ஏறியது. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கியிருந்த ஊர்களை அதற்கு வெகுகாலம் முன்பே ஸ்டேஷன் என்றுதான் சொல்லிவந்தார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ரேங்க். பழைய பிரெஞ்சில் அதற்கு வரிசை என்று பொருள் என்றார் சார். எனக்குச் சட்டென்று அம்மாவின் நிரை ஞாபகம் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினால், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலைச் செடி. அடுத்தவர் நிரையில் கை வைக்க முடியாது. மேட்டு நிரை கிடைத்த அன்று அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வீடு திரும்புவாள். எழுந்து நின்று, "சார், அப்படியானால் நிரை" என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. விளக்கிச் சொன்னதும் ரேங்க் என்பதன் பக்கத்தில் தமிழில் 'நிரை' என்று எழுதினார். அந்த அரையாண்டில் நான் பதினான்காம் ரேங்க். அதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதற்கில்லை.

அடுத்து மரபுத் தொடர்கள். பதிலாக, பொருந்தாமல், முதலாவதாக என்று பலவற்றுக்கும் பிளேஸை எப்படியெல்லாம் வளைக்கிறார்கள் என்று காட்டினார். 'உன் இடம் தெரிந்து நடந்துகொள்' என்ற பொருளில் ஒரு தொடர் உண்டு. அதை எழுதியவர் எங்களை ஒருமுறை பார்த்தார். உடனே டஸ்டரை எடுத்து அழித்துவிட்டு, "இது பரீட்சைக்கு வராது" என்றார். இன்று யோசித்தால், அந்த டஸ்டருக்காகவே அவரை மறக்க முடியவில்லை.

'டேக் பிளேஸ்' வந்தபோதுதான் நான் மாட்டிக்கொண்டேன். 'நடைபெறுதல்' என்று எழுத வேண்டிய இடத்தில், 'கூட்டம் கொழும்பில் இடம்பெற்றது' என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையால் அடித்து, "சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்காதே, தம்பி" என்று திட்டினார். "ரேடியோவில் அப்படித்தான் சார் சொல்கிறார்கள்" என்றேன். வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டு ரேடியோ இலங்கை வானொலியைத் தவிர வேறு எதற்கும் திரும்பாது. இங்கே ஒரு கட்டுரை தொகுப்பில் இடம்பெறும். அங்கே கூட்டமும் விபத்தும்கூட இடம்பெறும். சார் மறுநாள் என் நோட்டை வாங்கி, அடித்த கோட்டுக்கு மேலே சின்னதாக ஒரு சரி போட்டுத் தந்தார். மதிப்பெண்ணைக் கூட்டவில்லை.

தமிழ் ஐயா இதைக் கேள்விப்பட்டுச் சும்மா இருப்பாரா? தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் தமிழ் மூவிடம் என்கிறது, ஆளையே இடமாகப் பார்க்கும் மொழி வேறு எங்கே இருக்கிறது என்று வராந்தாவில் நின்று சவால் விட்டார். அதோடு விடவில்லை. பெண் கொடுக்க நல்ல இடம், சிபாரிசுக்குப் பெரிய இடம், இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்று மணி அடிக்கும் வரை அடுக்கிக்கொண்டே போனார்.

அந்த வாரக் கடைசியில் கட்டுரைத் தலைப்பு 'என் நேட்டிவ் பிளேஸ்'. நான் தலைப்பை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் அப்பா முசிறிப் பக்கத்திலிருந்து இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனவர். அப்பா பிறந்தது ஹட்டனில். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்ட ஐந்தேகால் லட்சம் பேரில் எங்கள் வீட்டாரும் உண்டு. 1971இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசு எங்களைப் போன்றவர்களுக்காக 1968இல் தொடங்கியிருந்த தேயிலைத் திட்டத்துக்கு, பின்னாளில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனதே அதற்கு, சேரம்பாடி வந்து சேர்ந்தார்கள். மறு வருடம் நான் பிறந்தேன். அரசுக் காகிதத்தில் எங்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அப்பா அதுவரை பார்த்தே இராத தாயகம். ஊருக்குள் எங்களுக்கு இருந்த பெயர் சிலோன்காரர்.

வெற்றுத் தாளைப் பார்த்த சார் திட்டவில்லை. "இங்கிலாந்துக்காரனிடம் நேட்டிவ் பிளேஸ் எது என்று கேட்டால் அவனே விழிப்பான். இது நம் ஆபீஸ்களில் வளர்ந்த வழக்கு. உனக்கு எது ஊரோ அதை எழுது" என்றார். அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். ரேடியோவின் முள்ளைத் திருப்பிக்கொண்டே, "யார் கேட்கிறார்கள் என்று சொல், அதற்கேற்றபடி சொல்கிறேன்" என்றார்.

இந்தக் கட்டுரையோடு அனுப்பச் சொல்லிச் சங்கம் ஒரு படிவம் தந்திருக்கிறது. பெயர், படித்த ஆண்டு, தற்போதைய நாடு, சொந்த ஊர். கடைசிக் கட்டம் இரண்டு விரற்கடை அகலம்தான். முசிறி, ஹட்டன், சேரம்பாடி என்று மூன்றையும் நுணுக்கி எழுதியிருக்கிறேன். அச்சில் இடம் போதாவிட்டால் என் போட்டோவைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.